ஏரி வற்றிய நாடு: காஷ்மீரப் பள்ளத்தாக்கின் கதை



தோட்டத்துத் திடலில் இரண்டு மூங்கிலை நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, முன்வரிசையில் இடம்பிடிக்க ஓடிய காலம் அது. 1961-இல் வெளிவந்த ‘தேன் நிலவு’ படத்தில் கறுப்பு வெள்ளையிலும், 1972-இல் வெளிவந்த ‘இதய வீணை’ படத்தில் வண்ணத்திலும் ஒரு நாட்டை நாம் கண்டோம். கண்ணாடிபோல் கிடக்கும் ஏரி, அதன்மேல் மிதக்கும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் வெண்பனி மூடிய மலைகள்! ‘இப்படியும் பூமியில் ஓர் இடமா?’ என்று வியந்தபடியே வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த இடம்தான் காஷ்மீரம். திரையில் நாம் கண்டது ஏரியையும் படகையும் பூவையும்தான். அந்தப் படகைச் செய்தவன் யார், அந்த வயலுக்கு நீர் பாய்ச்சியவன் யார், கதாநாயகி தோளில் போர்த்தியிருந்த சால்வையை நெய்தவன் யார் என்று படம் சொல்லவில்லை. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இடத்தை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். இமயமலைத் தொடருக்கும், அதற்குத் தென்மேற்கே நிற்கும் பீர் பஞ்சால் என்னும் மலைத் தொடருக்கும் இடையே, ஒரு தோணியைப்போல் நீண்டு கிடக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. நீளம் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அகலம் 32 கிலோமீட்டர் அளவு. தலைநகரமாகிய ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கேமரன் மலையின் ஊர்களும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கேமரன் மலையில் குளிர் உண்டு, பனி கொட்டுவதில்லை. ஸ்ரீநகரிலோ மார்கழியில் கூரைகள் வெளுத்துப் போகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து அது வடக்கே வெகுதொலைவு தள்ளியிருப்பதே காரணம். உயரம் ஒன்றாக இருந்தாலும் குளிர் ஒன்றாக இராது என்பதைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

இந்தத் தோணியின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. வரைபடத்தில் அதற்கு ஜீலம் என்று பெயர். பழைய நூல்கள் விதஸ்தா என்று அழைக்கின்றன. காஷ்மீரத்து மக்கள் அந்தப் பழைய பெயரைத் தேய்த்து ‘வியத்’ என்கிறார்கள். வேரிநாக் என்னும் ஊற்றில் பிறந்து, வளைந்து வளைந்து, வூலர் என்னும் பெரிய ஏரியில் புகுந்து வெளியேறி, வராகமூலம் என்ற பாராமுல்லாவில் மலையைப் பிளந்துகொண்டு கீழே இறங்குகிறது. பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வெளியே போக அந்த ஒரே வழிதான் உண்டு. இதை மறந்துவிடாதீர்கள். கதையும் வரலாறும் அந்த ஒரு வாசலைச் சுற்றியே நடக்கின்றன.

நீலமத புராணம் என்று ஒரு பழைய வடமொழி நூல் இருக்கிறது. அது சொல்லும் கதை இது. ஆதியில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ஏரி. சதிதேவியின் பெயரால் அதற்குச் சதீசரசு என்று பெயர். அந்த ஏரிக்குள் ஜலோத்பவன் என்றோர் அரக்கன் இருந்தான். ‘நீரில் பிறந்தவன்’ என்பது அப்பெயரின் பொருள். நீருக்குள் இருக்கும்வரை எவராலும் அவனைக் கொல்ல முடியாது என்று வரம் பெற்றவன். சுற்றியிருந்த மலைநாட்டு மக்களையெல்லாம் அவன் தின்று தீர்த்தான். நாகர்களின் அரசனான நீலன், தன் தந்தை காசியப முனிவரிடம் சென்று முறையிட்டான். முனிவர் தேவர்களிடம் சென்றார்.

தேவர்கள் திரண்டு வந்தும் அரக்கன் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. அவனுக்குத் தெரியாதா தன் பலம் எங்கே இருக்கிறது என்று! அப்போது திருமால் ஒரு வழி கண்டார். அவர் ஏவ, கலப்பையை ஆயுதமாக உடையவர் மலைச் சுவரை அந்தக் கலப்பையால் உழுது பிளந்தார். ஏரி வடிந்தது. ஜலோத்பவன் மாயையால் உலகை இருட்டாக்கினான். சிவபெருமான் ஒரு கையில் சூரியனையும் மறு கையில் சந்திரனையும் ஏந்தி வெளிச்சம் காட்டினார். சக்கரம் பாய்ந்தது; அரக்கன் வீழ்ந்தான். நீர் வடிந்த நிலத்தில் காசியபர் மக்களைக் குடியேற்றினார். அவர் பெயரால்தான் நாட்டுக்குக் காஷ்மீரம் என்ற பெயர் வந்தது என்பது கதையின் கூற்று.

மலையை வாளால் பிளந்தார், வஜ்ராயுதத்தால் பிளந்தார் என்று சொல்லாமல், கலப்பையால் பிளந்தார் என்று சொல்லியிருக்கிறார்களே, அதை நாம் கவனிக்கவேண்டும். வயலுக்கு வாய்க்கால் வெட்டும் உழவர்களிடையே பிறந்த கதை இது என்று நமக்குத் தோன்றுகிறது.

இது வெறும் கற்பனைதானா? நிலநூல் அறிஞர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணை ஆராய்ந்தபோது, அங்குள்ள மேட்டு நிலங்கள் ஒரு பழைய ஏரியின் அடியில் படிந்த சேற்றாலும் மணலாலும் ஆனவை என்று கண்டார்கள். கரேவா என்று அந்த மேடுகளுக்குப் பெயர். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே உண்மையாகவே ஒரு பேரேரி இருந்தது. நிலம் உயர்ந்தும் சரிந்தும் பாராமுல்லாப் பக்கம் வழி திறந்தபோது அது வடிந்தது. அக்காலத்தில் கதை சொல்ல மனிதர் எவரும் இல்லை. பின்னால் வந்த மக்கள் மேட்டின் வடிவத்தையும், மலையில் இருந்த ஒற்றைப் பிளவையும் பார்த்தே ஏரிக் கதையை ஊகித்திருக்க வேண்டும். அந்த மேடுகளில் ஒன்றாகிய பூர்ஜஹோமில், நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் தரையில் குழி தோண்டி, மேலே கூரை வேய்ந்து, குளிருக்கு அஞ்சி வாழ்ந்திருக்கிறார்கள். அந்தக் குழிகளை இன்றும் காணலாம்.

நீலமத புராணத்தில் இன்னொரு கதையும் உண்டு. ஏரிக் கதையைவிட அதுவே நமக்கு நெருக்கமாகப் படுகிறது. காசியபர் குடியேற்றிய மக்களால் ஆண்டு முழுவதும் அங்கே வாழ முடியவில்லையாம். ஒரு சாபத்தின் காரணமாக, கோடை ஆறு மாதம் மனிதருக்கு, குளிர் ஆறு மாதம் பிசாசுகளுக்கு என்று நாடு பங்கு போடப்பட்டது. அறுவடை முடிந்ததும் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலை தாண்டிப் போய்விடுவார்கள், சித்திரையில்தான் திரும்புவார்கள். இப்படி நெடுங்காலம் நடந்தது. ஓர் ஆண்டு, சந்திரதேவர் என்னும் கிழவர் ஒருவர் மற்றவர்களோடு போகவில்லை. தள்ளாத வயது; நடக்கவும் முடியவில்லை. பனிக்கு நடுவே, பிசாசுகளுக்கு நடுவே தனியாகக் கிடந்தார். அலைந்து திரிந்து நீலனின் இருப்பிடத்தை அடைந்தார். நீலன் அவருக்கு இடம் கொடுத்து, ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டான். ‘இனிமேல் எங்கள் மக்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கவேண்டும்’ என்று கேட்டார் கிழவர். தனக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. நீலன் சில நோன்புகளையும் விழாக்களையும் கற்றுக்கொடுத்து அந்த வரத்தைத் தந்தான். அன்றிலிருந்து மக்கள் நிலையாகக் குடியிருந்தார்கள் என்கிறது புராணம்.

பிசாசு என்று கதை சொல்வது குளிரைத்தான் என்று எண்ண இடமுண்டு. டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்பார்கள். அப்போது ஏரி உறைந்துவிடுவதும் உண்டு. காங்கிரி என்னும் சிறு மண்சட்டியில் தணல் போட்டு, பிரம்புக் கூட்டில் வைத்து, பெரன் என்னும் தொளதொளத்த நீள அங்கிக்குள் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வயிற்றோடு அணைத்த அந்த அடுப்புதான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் துணை. உப்புப் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நிறத் தேநீரும் இன்னொரு துணை. தேநீரில் உப்பா என்று நம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். நம் சீனித் தண்ணீரைக் குடித்தால் அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்னவோ!

கதைகளை விட்டு வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 1148-இல் கல்ஹணர் என்னும் புலவர் ‘ராஜதரங்கிணி’ என்ற நூலை எழுதத் தொடங்கினார். ‘மன்னர்களின் ஆறு’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எட்டு அலைகளில், ஏறத்தாழ எண்ணாயிரம் செய்யுள்களில், காஷ்மீரத்து அரசர்களின் வரலாற்றை வரிசையாகச் சொல்கிறது. வரலாறு எழுதுகிறவன் விருப்பும் வெறுப்பும் இல்லாத நடுவனைப்போல் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய தந்தை ஹர்ஷன் என்ற அரசனிடம் அமைச்சராக இருந்தவர்; அந்த ஹர்ஷனின் கொடுமைகளையும் கல்ஹணர் மறைக்காமல் எழுதினார். நூலின் முற்பகுதியில் புராணக் கதைகள் கலந்திருந்தாலும், பிற்பகுதி நம்பத்தக்க வரலாறு என்று அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

அந்த நூலில் அரசர்கள் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். மார்த்தாண்டில் சூரியனுக்குக் கற்கோயில் எடுத்த லலிதாதித்தன் வருகிறான். அக்கோயிலின் இடிபாடுகள் இன்றும் பார்ப்பவரை வாய்பிளக்க வைக்கின்றன. ஆயினும் நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது ஓர் அரசனைப் பற்றி அன்று. குப்பைமேட்டில் கிடந்த ஒரு குழந்தையைப் பற்றி.

ஒன்பதாம் நூற்றாண்டில் அவந்திவர்மன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் அரசேறியது ஏறத்தாழ 855-இல். அவன் நல்ல அரசன்தான். ஆனால் நாட்டில் சோறு இல்லை. ஆண்டுதோறும் ஆறு பெருகி வயலை விழுங்கியது. பாராமுல்லா வாசலுக்கு அருகே மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டு ஆற்றில் விழுந்து வழியை அடைத்திருந்தன. தண்ணீர் போக இடமில்லாமல் பின்னேறி ஊர்களுக்குள் புகுந்தது. பஞ்சத்தில் ஒரு கழுதைச் சுமை நெல் 1,050 தீனாரத்துக்கு விற்றது என்று கல்ஹணர் கணக்குச் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் ஒருநாள், தெருக் கூட்டும் பெண் ஒருத்தி குப்பைமேட்டில் மூடி போட்ட ஒரு புதுமண்பானையைக் கண்டாள். மூடியைத் திறந்தாள். உள்ளே ஓர் ஆண் குழந்தை, விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. அவள் பெயர் சுய்யா. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவள். அவள் குழந்தையைத் தொட்டுத் தீட்டாக்காமல், வேறொரு தாதியிடம் கொடுத்து வளர்க்கச் செய்தாள் என்று கல்ஹணர் கவனமாக எழுதுகிறார். புலவருக்கு அது அவசியமாகத் தோன்றியிருக்கிறது. படிக்கும் நமக்கோ அந்த வரி நெஞ்சில் தைக்கிறது. தொடக்கூடாத கைதான் அந்தப் பானையைத் திறந்தது. இல்லாவிட்டால் குழந்தை ஏது?

பிள்ளைக்கும் அவள் பெயரே வழங்கிற்று. வேறுபாடு தெரிய, அவனை நாம் சுய்யன் என்போம். சுய்யன் எழுத்துக் கற்று, ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியனானான். வெள்ளத்தைப் பற்றி ஊரார் புலம்பும்போதெல்லாம், ‘எனக்கு வழி தெரியும், கையில் பணம் இல்லாதபோது நான் என்ன செய்ய?’ என்பான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால் பைத்தியம் என்றார்கள். பேச்சு அரசன் காதுக்குப் போயிற்று. அவந்திவர்மன் அவனை அழைத்துவரச் செய்து, ‘என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டான். அரசன் முன்னிலையிலும் சுய்யன் அதையே சொன்னான். அவையோர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அரசனோ, சோதித்துப் பார்ப்போம் என்று கருவூலத்தைத் திறந்துவிட்டான்.

சுய்யன் பானை பானையாகக் காசை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த நந்தகம் என்ற ஊரில் ஒரு பானைக் காசைத் தண்ணீரில் போட்டான். பைத்தியம் என்பது உறுதியாயிற்று என்றார்கள். பின்பு பாறைகள் அடைத்துக் கிடந்த இடத்துக்குப் போய், இரு கைகளாலும் காசை அள்ளி அள்ளி ஆற்றுக்குள் வீசினான். பசியால் வாடிய மக்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றில் குதித்தார்கள். காசு பாறைக்கு அடியில் கிடந்தது. பாறையைப் புரட்டினார்கள், இழுத்தார்கள், கரையில் ஏற்றினார்கள். அடைப்பு விலகியது, தண்ணீர் ஓடிற்று.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நீர் குறைந்ததும் ஆற்றுக்குக் குறுக்கே கல்லணை எழுப்பி ஏழு நாள் நீரை நிறுத்தி, அடிப்படுகையைத் தூர் வாரச் செய்தான். பாறை மறுபடியும் உருளாதபடி கரையில் கற்சுவர் எழுப்பினான். பிறகு அணையைத் திறந்துவிட்டான். சிந்து என்னும் துணையாறு விதஸ்தாவில் கலக்கும் இடத்தையே மாற்றி அமைத்தான். அந்தச் சிந்து பஞ்சாபின் பேராறு அன்று. அதே பெயர் கொண்ட மலையாறு. கரைகட்டி மீட்ட நிலத்தில் புதிய ஊர்கள் பிறந்தன.

பின்பு அவன் செய்த ஒன்று, இன்றைய விவசாய அதிகாரிகளும் மெச்சத்தக்கது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் மண் எடுத்துவரச் செய்து, அதை நனைத்து, எத்தனை நாளில் உலர்கிறது என்று பார்த்தான். விரைவாக உலரும் மண்ணுக்கு அடிக்கடி நீர், ஈரம் காக்கும் மண்ணுக்கு இடைவெளி விட்டு நீர் என்று முறை வகுத்தான். யார் முதலில் மடையைத் திறப்பது என்ற சண்டை இன்றி ஊருக்கு ஊர் பங்கு கிடைத்தது. நல்ல விளைச்சல் காலத்திலேயே 200 தீனாரத்துக்கு விற்ற ஒரு சுமை நெல், சுய்யனுக்குப் பிறகு 36 தீனாரத்துக்கு இறங்கிற்று.

வூலர் ஏரிக்குக் கீழே ஆற்றங்கரையில் அவன் நிறுவிய ஊருக்குச் சுய்யபுரம் என்று பெயர். அதுவே மருவி இன்று சோப்பூர் ஆயிற்று. ஆப்பிள் பழச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது. வளர்த்தவளை அவன் மறக்கவில்லை. ஓர் ஊருக்கும் ஓர் அணைக்கும் சுய்யாவின் பெயரையே வைத்தான். அவந்திவர்மன் கட்டிய இரண்டு பெரிய கோயில்கள் ஆற்று வண்டல் மூடிப் புதைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோண்டி எடுக்கப்பட்டன.

பதினான்காம் நூற்றாண்டில் நாட்டில் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. அந்நூற்றாண்டில்தான் லல்லா என்னும் சிவபக்தையும், அவருக்கு இளையவரான நுந்த ரிஷி என்னும் முஸ்லிம் ஞானியும் தோன்றினார்கள். இருவரும் பாமரர் பேசிய காஷ்மீரி மொழியிலேயே பாடினார்கள். இரு சமயத்தாரும் இருவரையும் போற்றினார்கள். 1420 முதல் 1470 வரை ஆண்ட ஜைனுல் ஆபிதீனை மக்கள் ‘பட்ஷா’, அதாவது பெரிய அரசர் என்று இன்றும் சொல்கிறார்கள். முன்னவர் காலத்தில் அஞ்சி ஓடிய இந்துக்களைத் திரும்ப அழைத்தார், கால்வாய்கள் வெட்டினார், காகிதம் செய்தல், காகிதக் கூழில் வண்ணப் பெட்டிகள் செய்தல், நெசவு முதலிய கைத்தொழில்களை வளர்த்தார்.

1586-இல் அக்பரின் படை வந்தது. மொகலாயர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மயங்கிப் போனார்கள். 1619-இல் ஷாலிமார் தோட்டம் தொடங்கப்பட்டது; 1620-இல் ஜஹாங்கீர் வேரிநாக் ஊற்றைச் சுற்றி எண்கோணக் குளம் கட்டினார். அந்தத் தோட்டங்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே நாம் விரைந்து கடந்துவிடலாம். ஆனால் ஸ்ரீநகரில் ஹரிபர்வதக் குன்றைச் சுற்றி அக்பர் எழுப்பிய கோட்டைச் சுவரின் வாயிலில் உள்ள ஒரு பாரசீகக் கல்வெட்டை மட்டும் நின்று பார்ப்போம். இந்தச் சுவரை எழுப்பியவர்களில் ஒருவரும் கூலியின்றி உழைக்கவில்லை, எல்லாருக்கும் கருவூலத்திலிருந்து பணம் கொடுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. கூலி கொடுத்ததை ஒரு பேரரசர் கல்லில் வெட்டிப் பெருமைப்பட வேண்டியிருந்தது என்றால், கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது எவ்வளவு வழக்கமாக இருந்திருக்கும்!

சால்வைக்கு வருவோம். லடாக்கின் உயர்ந்த குளிர்நிலத்தில் மேயும் ஒருவகை ஆடுகளின் அடிமயிர்தான் பஷ்மினா. அதைச் சீவி எடுத்து, காஷ்மீரத்துப் பெண்கள் வீட்டில் இராட்டையில் நூற்பார்கள். நெய்வதற்கு ஓடம் கிடையாது. வண்ணத்துக்கு ஒன்றாகச் சிறு சிறு மரக்குச்சிகளில் நூலைச் சுற்றி, இழை இழையாகக் கோத்து நெய்வார்கள். எந்த நிறம் எத்தனை இழை என்பதைக் குறியெழுத்துகளில் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். தாலிம் என்று அதற்குப் பெயர். ஒருவர் அதை இராகம் போட்டுப் படிக்க, தறியில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டு நெய்வார்கள். ஒரு நல்ல சால்வைக்கு ஓராண்டு, ஈராண்டுகூட ஆகும். நம் பெண்கள் சேலைக் கரையில் மாங்காய் என்று சொல்கிறார்களே, அந்த வளைந்த உரு இந்தச் சால்வைகளில்தான் உலகப் புகழ் பெற்றது. ஸ்காத்லாந்தில் பேஸ்லி என்ற ஊரில் அதை இயந்திரத்தில் நெய்து மலிவாக விற்றார்கள். மேல்நாட்டார் அந்த மாங்காய்க்கு அவ்வூரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆப்கானியர், சீக்கியர் என்று ஆட்சிகள் மாறின. 1846 மார்ச் 16-ஆம் நாள் அமிர்தசரசில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி ஆங்கிலேயர் காஷ்மீரத்தை 75 இலட்சம் ரூபாய்க்கு ஜம்முவின் குலாப் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். ஆண்டுதோறும் அவர் ஒரு குதிரையும், பன்னிரண்டு பஷ்மினா ஆடுகளும், மூன்று இணைச் சால்வைகளும் கப்பமாகச் செலுத்தவேண்டும் என்றும் எழுதினார்கள். ஆடும் சால்வையும் அதில் எண்ணிக்கையோடு வருகின்றன. நெய்தவன் வரவில்லை.

அவன் நிலை என்ன? சால்வைக்கு முத்திரை குத்தி வரி வாங்கத் தனி இலாகா இருந்தது. நெசவாளி ஒரு பட்டறை முதலாளியிடம் கட்டுப்பட்டவன். வேறு தொழிலுக்குப் போகக்கூடாது. மலை தாண்டி வெளியூர் போகவும் தடை. அரிசியை அரசு கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டது. மிஞ்சியது சொற்பம். கட்டைவிரலைத் தானே வெட்டிக்கொண்டு தறியிலிருந்து தப்பியவர்கள் உண்டு என்று அங்கே வாய்வழிக் கதை வழங்குகிறது.

1865 ஏப்ரல் 29-ஆம் நாள் நெசவாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஸ்ரீநகரில் ஜால்டகர் என்ற திடலில் கூடினார்கள். வரி இலாகாத் தலைவரின் உருவத்தைப் பாடையில் தூக்கிச் சென்றார்கள் என்று கூறுவர். கையில் ஆயுதம் இல்லை. படை வந்து தாக்கியது. ஓடியவர்கள் குறுகிய பாலத்தில் நெருக்குண்டு, பக்கத்தில் இருந்த கால்வாயில் விழுந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. சிக்காகோவில் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் உயிர் துறந்தது 1886-இல். மே தினத்தன்று நாம் நினைவுகூர்வது அதைத்தான். காஷ்மீரத்து நெசவாளர்கள் அதற்கு இருபத்தொரு ஆண்டு முந்தியவர்கள்.

வரி நீங்குமுன் தொழிலே நீங்கியது. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் சால்வை வாங்குவதை விட்டார்கள். தறிகள் ஓய்ந்தன. 1877-இல் விடாமழை பெய்து கதிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, வேலையற்ற நெசவாளர் குடும்பங்கள்தாம் முதலில் மடிந்தன. ஸ்ரீநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று லாரன்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதினார். 1889 முதல் நிலத் தீர்வை அலுவலராக அங்கே பணிபுரிந்த அவர், 1895-இல் வெளியிட்ட நூலில் ‘பேகார்’ என்னும் கட்டாய வேலையைப் பற்றியும் சொல்கிறார். வடக்கே கில்கித்தில் இருந்த படைக்கு உணவு சுமக்கக் கிராமத்தாரைப் பிடித்துச் செல்வார்கள். பனிக் கணவாய்களில் பலர் விழுந்து மாண்டார்கள். ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உழவர்கள் வயலை விட்டுக் காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள்.

நிலம் உழுதவன் கைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். 1950-இல் இயற்றிய சட்டம், ஒருவர் 22¾ ஏக்கருக்கு மேல் வயல் வைத்திருக்கக்கூடாது என்றது. மிகுதி நிலம் உழுதவருக்கே போயிற்று. அதற்கு முன்பே, 1947-இலேயே, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே இந்நாட்டைப் பற்றிய பூசல் தொடங்கியிருந்தது. 1989-க்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம் பள்ளத்தாக்குக்குள்ளேயே வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1990-இல் பண்டிதர் குடும்பங்கள் பெருந்தொகையாக வீடுவாசலை விட்டு வெளியேறின. சந்திரதேவர் கேட்ட வரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. 1903-இல் பெருவெள்ளம் வந்தபின், ஸ்ரீநகரைச் சுற்றி வெள்ளம் வடிய ஒரு தனிக் கால்வாய் வெட்டினார்கள். காலப்போக்கில் அது தூர்ந்தது. சதுப்பு நிலங்களில் வீடுகள் எழும்பின. 2014 செப்டம்பரில் ஜீலம் பெருகி ஸ்ரீநகரின் பெரும்பகுதி பல நாள் நீரில் நின்றது. தால் ஏரியில் காய்கறி விற்கும் சிறு படகுக்காரர்கள், தெருக்களில் துடுப்புப் போட்டு மாடியில் சிக்கியவர்களை இறக்கினார்கள். ஆற்றைத் தூர் வாரும் பேச்சு மறுபடியும் எழுந்தது. பாறைக்கு அடியில் காசு போட்டவனின் நினைவு அங்கே பலருக்கு வந்திருக்கும்.

மலைக்கு வெளியே போகும் வழி இப்போது மாறிவிட்டது. 1956-இல் பனிஹால் மலையில் சுரங்கச் சாலை திறந்தது. 2025 ஜூன் மாதம், செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தின் வழியாக இரயிலும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது.

ஐப்பசி கடைசியில் அங்கே செல்பவர்கள், பாம்பூர் என்ற ஊரில் பழைய ஏரி விட்டுச்சென்ற கரேவா மேடுகளின்மேல் ஊதா நிறத்தில் பூ விரிந்திருப்பதைக் காணலாம். அதுதான் குங்குமப்பூ. வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். ஆகையால் நம் மரம் வெட்டுபவர்களைப்போலவே இருள் பிரியுமுன் எழுந்து, தாயும் பிள்ளையும் கூடையோடு குனிந்து ஒவ்வொரு பூவாகக் கொய்கிறார்கள். பிறகு வீட்டுத் திண்ணையில் குவித்து, ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று சிவந்த இழைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். உலர்ந்த குங்குமப்பூ ஒரு கிலோ சேர, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்களை இப்படிக் கொய்யவேண்டும்.